டிவிடி பேக்கப்: எந்த சாஃப்ட்வேர் எதுக்கு, எந்த வரிசையில செய்யணும்

வீட்ல ஒரு பை நிறைய டிவிடி கிடந்துச்சு, எண்ணிப் பாத்தா 64. கல்யாணம், பிறந்தநாள், ஸ்கூல் ஆண்டு விழா, பழைய ஹேண்டிகேம்ல எடுத்த குட்டி டிஸ்க், நடுவுல காசு கொடுத்து வாங்கின சினிமா டிஸ்க்கும் கொஞ்சம். எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திடலாம், ஒரு வாரம் போதும்னு உக்காந்தேன். மூணு மாசம் ஆச்சு, அதுல ரெண்டு மாசம் சுத்த வேஸ்ட்.

நான் பண்ண தப்பு என்னன்னா, தேடினதும் முதல்ல வந்த கன்வெர்ட்டர் ஒண்ணை இறக்கி, ஒவ்வொரு டிஸ்க்கையும் நேரா 700 எம்பிக்கு சுருக்கிட்டு டிஸ்க்கை ஓரமா போட்டுட்டே வந்தேன். இருபது டிஸ்க் முடிஞ்சதும் பெருமையா அக்காவைக் கூப்பிட்டு டிவில போட்டுக் காட்டினேன். அஞ்சு நிமிஷம் பாத்துட்டு, "ஏண்டா எல்லாரும் குண்டா இருக்காங்க?"ன்னா. கொஞ்ச நேரம் கழிச்சு, "பாட்டி பேசுவாங்களே, அது எங்கடா?"ன்னா. பாட்டி பேசினது ஒண்ணரை நிமிஷ தனி கிளிப், சாஃப்ட்வேர் அதை சின்னதுன்னு விட்டுடுச்சு. போதாக்குறைக்கு படம் போகப் போக சத்தம் ஒரு பக்கம் வாய் ஒரு பக்கம். திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிச்சேன். இந்த வரிசையில செஞ்சிருந்தா ரெண்டாவது தடவை செய்ய வேண்டி இருந்திருக்காது.

ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிடறேன்: சுருக்கினது பேக்கப் இல்ல. முதல்ல டிஸ்க்ல இருக்கறதை அப்படியே ஒரு காப்பி எடுங்க, அப்புறம் அந்தக் காப்பில இருந்து எவ்வளவு வேணா சுருக்குங்க, பிடிக்கலைனா அழிச்சிட்டு திரும்ப சுருக்குங்க. டிஸ்க்கை ட்ரைவ்ல போடறது ஒரே ஒரு தடவைதான் இருக்கணும்.

1. கையில இருக்கறது என்ன டிஸ்க்?

இதைப் பாக்காம சாஃப்ட்வேர் இறக்காதீங்க, ஏன்னா எந்த சாஃப்ட்வேர்ங்கறது டிஸ்க்கைப் பொறுத்துதான்.

வீட்லயோ ஸ்டூடியோலயோ ரைட் பண்ணின டிஸ்க்னா பெரும்பாலும் ஒரே லேயர், அதாவது டேட்டா எழுதற அடுக்கு ஒண்ணுதான், 4.7 ஜிபி. விண்டோஸ்ல பாத்தா 4.37னு காட்டும், பயப்படாதீங்க, ரெண்டும் ஒண்ணுதான், எண்ற முறை வேற. இதுல பூட்டு எதுவும் இருக்காது. கடையில வாங்கின சினிமா டிஸ்க் பெரும்பாலும் ரெண்டு லேயர், 8.5 ஜிபி, அதுல சிஎஸ்எஸ்னு ஒரு பூட்டு இருக்கும். பூட்டு இருக்கற டிஸ்க்கை சும்மா இழுத்துப் போட்டு காப்பி பண்ணா ஃபைல் என்னமோ வந்துரும், ப்ளே பண்ணா பச்சையும் பிங்க்குமா கட்டம் கட்டமா தெரியும். சொந்தமா வாங்கின டிஸ்க்கா இருந்தாலும் அந்தப் பூட்டைத் திறக்கறது சில நாட்டுல சட்டப்படி தப்பு, அமெரிக்கா அதுல ஒண்ணு. நீங்க இருக்கற இடத்துல என்ன விதின்னு பாத்துட்டு செய்யுங்க. இந்தக் கட்டுரை பெருசா வீட்டு டிஸ்க்கைப் பத்திதான்.

மூணாவது வகை ஹேண்டிகேம்ல வர்ற 8 சென்டிமீட்டர் குட்டி டிஸ்க், 1.4 ஜிபி. இதுல ரெண்டு பொறி இருக்கு. ஒண்ணு, டிஸ்க்கை உள்ள உறிஞ்சிக்கற மாதிரி ஸ்லாட் ட்ரைவ்ல இதைப் போடவே போடாதீங்க, உள்ள போச்சுன்னா ட்ரைவைப் பிரிச்சுதான் எடுக்கணும். தட்டு வெளிய வர்ற ட்ரைவ்ல நடுவுல சின்ன வட்டப் பள்ளம் இருக்கும், அதுல வெச்சா போதும். ரெண்டு, கேமராலயே ஃபைனலைஸ் பண்ணாத, அதாவது எழுதி முடிச்சு மூடாத டிஸ்க்னா கம்ப்யூட்டர் அதை காலி டிஸ்க்னு சொல்லும். உடனே காலிதானேன்னு எதையும் ரைட் பண்ணிடாதீங்க! அந்தக் கேமரா இன்னும் உயிரோட இருந்தா அதுல போட்டு ஃபைனலைஸ் கொடுங்க. கேமரா இல்லைனா ஐசோபஸ்டர்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, அது இந்த மாதிரி மூடாத டிஸ்க்கையும் படிக்கும், உள்ள என்ன இருக்குன்னு ஃப்ரீயா பாக்கலாம், வெளிய எடுக்கற சில வேலைக்குக் காசு கட்டணும்.

2. என்னென்ன வேணும், எவ்வளவு நேரம், எவ்வளவு செலவு

சாஃப்ட்வேருக்கு ஒரு பைசா வேண்டாம், நான் கீழ சொல்ற முக்கியமான சாஃப்ட்வேர் எல்லாம் டிவிடி வேலைக்கு ஃப்ரீ. செலவு வர்றது ஹார்ட் டிஸ்க்குக்கும், லேப்டாப்ல ட்ரைவ் இல்லைனா வெளிய மாட்டற யுஎஸ்பி ட்ரைவுக்கும்தான்.

இடம் கணக்கு: ஒரு வீட்டு டிஸ்க் முழு காப்பி 4.4 ஜிபின்னு வெச்சுக்கோங்க, 100 டிஸ்க் 440 ஜிபி. 1 டிபி ஹார்ட் டிஸ்க்ல முழு காப்பியும் சுருக்கினதும் ரெண்டுமே உக்காரும். காப்பி ரெண்டு இடத்துல வேணும், அதனால ஹார்ட் டிஸ்க்கும் ரெண்டு வாங்குங்க. ஒண்ணு வாங்கி காசு மிச்சம் பண்றேன்னு நினைக்காதீங்க.

நேரக் கணக்குலதான் எல்லாரும் ஏமாறுவாங்க. டிவிடி 1எக்ஸ்ன்னா நொடிக்கு சுமார் 1.4 எம்பி, அதாவது ஒரு லேயர் டிஸ்க் முழுசா படிக்க கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். 8எக்ஸ் ட்ரைவ்னு போட்டிருந்தாலும் ஆரம்பத்துல மெதுவாத்தான் படிக்கும், வெளி ஓரத்துக்குப் போகும்போதுதான் அந்த வேகம் வரும். எனக்கு நல்ல டிஸ்க் ஒண்ணுக்கு 10ல இருந்து 15 நிமிஷம், ரெண்டு லேயர்னா 25 வரைக்கும் ஆச்சு. கீறல் விழுந்த டிஸ்க்குக்கு கணக்கே இல்ல, ராத்திரி போட்டு விட்டு தூங்கணும். ஒரு நாளைக்கு எட்டு பத்து டிஸ்க்குக்கு மேல பிளான் போடாதீங்க.

இன்னொண்ணு, யுஎஸ்பி ட்ரைவை ஹப்ல மாட்டாதீங்க, கரண்ட் பத்தாம பாதில நிக்கும், நாம டிஸ்க் போச்சுன்னு நினைச்சுப்போம். நான் நல்ல டிஸ்க் மூணை அப்படி போச்சுன்னு எழுதி வெச்சிருந்தேன். நேரா லேப்டாப்ல மாட்டினதும் மூணும் ஓடுச்சு.

டாக்குமெண்ட்னு பாத்தா ஒரே ஒரு நோட்டுதான். டிஸ்க்குக்கு நம்பர், மேல என்ன எழுதியிருக்கு, எந்த வருஷம், உள்ள எத்தனை டைட்டில் (தனித்தனியா ஓடற வீடியோ), படிச்சுதா இல்லையா. டிஸ்க் மேல பால் பாயிண்ட் பேனாவால எழுதாதீங்க, டேட்டா லேயர் ரெண்டு மெல்லிசான பிளாஸ்டிக் தகட்டுக்கு நடுவுலதான் இருக்கு, அழுத்தி எழுதறது ஆபத்து. மார்க்கர்ல நடு வளையத்துல நம்பர் மட்டும் போடுங்க.

3. துடைக்கறது

மைக்ரோஃபைபர் துணி, நடுவுல இருந்து வெளி ஓரத்துக்கு நேர் கோட்டுல. வட்டமா சுத்தித் துடைக்கக் கூடாது, கீறல் விழுந்தா அது டேட்டா ஓடற திசையிலயே நீளமா விழும், ட்ரைவால அதை சரிக்கட்ட முடியாது. பேஸ்ட் போட்டுத் தேய்ங்கன்னு வர்ற டிப்ஸ் எல்லாம் கடைசிக் கட்டத்துக்கு, முதல் நாளே இறங்கிடாதீங்க.

4. முழு காப்பி: ஐஎஸ்ஓ எடுங்க

டிஸ்க் மொத்தத்தையும் ஒரே ஃபைலா, மெனுவோட, சின்னச் சின்ன கிளிப்போட எடுக்கறதுதான் ஐஎஸ்ஓ. விஎல்சிங்கற ஃப்ரீ வீடியோ ப்ளேயர்ல நேரா திறந்து டிஸ்க் போட்ட மாதிரியே மெனு அமுக்கிப் பாக்கலாம்.

விண்டோஸ்னா இம்ஜ்பர்ன். பழைய சாஃப்ட்வேர், 2013க்கு அப்புறம் புது வெர்ஷன் வரல, ஆனா இந்த வேலைக்கு இன்னிக்கும் போதும். திறந்ததும் டிஸ்க்கில் இருந்து இமேஜ் ஃபைல் உருவாக்கற பட்டனை அமுக்கி, எங்க சேவ் பண்ணணும்னு சொன்னா முடிஞ்சுது. இன்ஸ்டால் பண்ணும்போது மட்டும் கண்ணை மூடிட்டு நெக்ஸ்ட் நெக்ஸ்ட் கொடுக்காதீங்க, இந்த மாதிரி பழைய ஃப்ரீ சாஃப்ட்வேரை எடுத்து வேற குப்பையும் சேத்துக் கட்டிக் கொடுக்கறது சகஜம், எல்லா டிக்கையும் பாத்து எடுத்து விடுங்க. ரெண்டு லேயர் டிஸ்க்னா ஐஎஸ்ஓ கூட எம்டிஎஸ்னு ஒரு குட்டி ஃபைல் வரும், ஒரு லேயர் எங்க முடியுதுங்கற குறிப்பு அதுலதான் இருக்கு, வேண்டாத ஃபைல்னு அழிச்சிடாதீங்க. பூட்டு இருக்கற டிஸ்க்கை இம்ஜ்பர்ன் படிக்க மாட்டேன்னு சொல்லிடும்.

மேக்ல டிஸ்க் யூட்டிலிட்டி போதும், லினக்ஸ்ல கே3பி இல்லைனா அடுத்து சொல்ற டிடிரெஸ்க்யூ.

டிஸ்க்குள்ள இருக்கற வீடியோ-டிஎஸ் ஃபோல்டரை அப்படியே இழுத்துப் போட்டா ஆகாதான்னா, பூட்டு இல்லாத டிஸ்க்னா ஆகும். ஆனா ஒரு இடத்துல கீறல் இருந்தா விண்டோஸ் அங்கயே எரர் காட்டி நின்னுடும். அப்புறம் சில பேர் படமும் சத்தமும் இருக்கற வாப் ஃபைலை மட்டும் எடுத்துட்டு ஐஎஃப்ஓ, பியூபி எல்லாத்தையும் விட்டுடுவாங்க. எந்தக் காட்சி எங்க ஆரம்பிக்குதுங்கற கணக்கு ஐஎஃப்ஓலதான் இருக்கு, பியூபி அதோட நகல். அது இல்லாம வாப் மட்டும் வெச்சிருந்தா படம் ஓடும், நேரம் தாறுமாறா காட்டும். வாப் ஒவ்வொண்ணும் 1 ஜிபில வெட்டித்தான் இருக்கும், அது கோளாறு இல்ல.

5. படிக்க அடம் பிடிக்கற டிஸ்க்

இங்கதான் எனக்கு அதிக நேரம் போச்சு. 64ல 9 டிஸ்க் பாதில நின்னுச்சு.

சாதாரண சாஃப்ட்வேர் கெட்ட இடம் வந்ததும் அங்கயே முட்டி முட்டி நிக்கும், ட்ரைவ் கொர் கொர்னு சத்தம் போடும். டிடிரெஸ்க்யூ அப்படி இல்ல, முதல்ல நல்லா இருக்கற இடத்தையெல்லாம் வாரிட்டு, கெட்ட இடத்தைத் தாண்டிப் போய், எது எது விட்டுப்போச்சுன்னு மேப் ஃபைல்னு ஒண்ணுல எழுதி வெச்சுக்கும். ரெண்டாவது சுத்துல விட்ட இடத்துக்கு மட்டும் போகும். பிளாக் சைஸ் 2048ன்னு கொடுக்கணும், டிவிடியோட செக்டர் அளவு அதுதான். முதல் சுத்து வேகமா, ரெண்டாவது சுத்து மூணு தடவை ரீட்ரைன்னு ரெண்டா பிரிச்சு ஓட்டுங்க. மேப் ஃபைலை மட்டும் அழிச்சிடக் கூடாது, அது போனா முதல்ல இருந்துதான்.

இதோட அழகு என்னன்னா, அதே டிஸ்க்கை வேற ட்ரைவ்ல போட்டு அதே மேப் ஃபைலைக் கொடுத்தா, முதல் ட்ரைவ் விட்ட இடத்தை மட்டும் இது எடுத்துக் கொடுக்கும். ஒவ்வொரு ட்ரைவோட கண்ணும் வேற மாதிரி. என் லேப்டாப் ட்ரைவ் 94 சதவீதத்துல கை விரிச்ச டிஸ்க்கை, தூசி பிடிச்ச பழைய டெஸ்க்டாப் ட்ரைவ் 100க்கு கொண்டு போச்சு. அதனால காசு கொடுத்து ரிப்பேர் சாஃப்ட்வேர் வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டாவது ட்ரைவ் ஒண்ணு கடன் கேளுங்க. கறுப்புத் திரைல டைப் பண்ணி ஓட்டற சாஃப்ட்வேர்ங்கறதால முதல் தடவை பயமா இருக்கும், ரெண்டாவது டிஸ்க்ல பழகிடும்.

6. இப்ப சுருக்கறது: எந்த சாஃப்ட்வேர் எதுக்கு

மேக்எம்கேவி, ஹேண்ட்ப்ரேக், டிவிடி ஷ்ரிங்க் மூணும் ஒரே வேலை செய்யற மாதிரி போட்டு இது நல்லதா அது நல்லதான்னு கேக்கறாங்க. ஆனா ஒவ்வொண்ணும் செய்யற வேலையே வேற.

மேக்எம்கேவி சுருக்கவே சுருக்காது. டிஸ்க்ல இருக்கற படம், சத்தம், சப்டைட்டில், சாப்டர் எல்லாத்தையும் தரம் குறையாம எடுத்து ஒரு எம்கேவி ஃபைலா கட்டிக் கொடுக்கும், மெனு மட்டும் போயிடும். டிவிடி வேலை ஃப்ரீ, ப்ளூரேக்குத்தான் கீ வேணும். பூட்டைத் தானே கையாளும். பொறி என்னன்னா, 120 செகண்டுக்குக் குறைவான டைட்டிலை இது டிஃபால்ட்டா காட்டாது. எங்க பாட்டி மாதிரி ஒண்ணரை நிமிஷ கிளிப் வெச்சிருந்தீங்கன்னா செட்டிங்ல போய் அந்த நம்பரை 0 பண்ணிட்டு ஆரம்பிங்க. ஐஎஸ்ஓ ஃபைலையும் திறக்கும், அதனால திரும்ப டிஸ்க் போட வேண்டாம்.

ஹேண்ட்ப்ரேக்தான் நிஜமா சுருக்கறது. டிவிடில இருக்கறது எம்பெக்-2, பழைய முறை, இடம் நிறைய தின்னும். அதை ஹெச்.264 ஆவோ ஹெச்.265 ஆவோ மாத்தி எம்பி4 இல்ல எம்கேவியா கொடுக்கும். ரெண்டு மணி நேரப் படம் ஒண்ணு ஒண்ணரை ஜிபிக்குள்ள வந்துரும், போன்லயும் டிவிலயும் ஓடும். மெனு வராது. பூட்டை இது தானா திறக்காது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் ஓடும்.

டிவிடி ஷ்ரிங்க் வேற கதை. 8.5 ஜிபி டிஸ்க்கை 4.7 ஜிபி டிஸ்க்ல அடங்கற மாதிரி சுருக்கும், எம்பெக்-2 ஆகவே, மெனுவோட. பழைய டிவிடி ப்ளேயர்ல போட்டுப் பாக்கணும்ங்கறவங்களுக்கு மட்டும்தான் இது. கடைசி வெர்ஷன் 3.2, 2004ல வந்தது. இது எப்பவுமே ஃப்ரீ, யாராவது இதே பேர்ல காசு கேட்டா அது ஏமாத்து, மூடிட்டு வந்துருங்க. அப்புறம் வீட்டு டிஸ்க் ஏற்கெனவே 4.7க்குள்ளதான் இருக்கு, அதை ஷ்ரிங்க்ல போடறதுக்கு அர்த்தமே இல்ல, ஆனா நிறைய பேர் போடறாங்க. நானும் போட்டேன்.

காசு கேக்கற கன்வெர்ட்டருங்க பாதி, இந்த ஃப்ரீ சாஃப்ட்வேர் செய்யற அதே வேலையை கலர் கலர் பட்டனோட செய்யுது. ட்ரையல்ல முதல் சில நிமிஷம் மட்டும் எடுத்துக் கொடுக்கும், இல்லைனா நடுவுல வாட்டர்மார்க் அடிக்கும். முழுசா ஓட்டிப் பாக்காம இருபது டிஸ்க் போட்டுடாதீங்க, எனக்கு நாலாவது டிஸ்க்லதான் ஓரத்துல லோகோ இருக்கறது தெரிஞ்சுது.

7. ஹேண்ட்ப்ரேக் செட்டிங், பொறுமையா

ஐஎஸ்ஓவைத் திறங்க, டைட்டில் லிஸ்ட்டைப் பாருங்க, நோட்டுல எழுதின எண்ணிக்கையோட சரியா இருக்கான்னு பாருங்க. இதுவும் 10 செகண்டுக்குக் கீழ இருக்கறதை மறைக்கும்.

ப்ரீசெட் (ரெடிமேட் செட்டிங்): டிஸ்க் பால் (PAL, நம்ம ஊர் டிவி முறை) வகைன்னா 720க்கு 576, நொடிக்கு 25 ஃப்ரேம், அதுக்கு பேர்ல 576பி25ன்னு இருக்கற ஹெச்க்யூ ப்ரீசெட். என்டிஎஸ்சி (அமெரிக்க டிவி முறை) வகைன்னா 720க்கு 480, அதுக்கு 480பி30. மாத்திப் போட்டா ஓட்டம் குதிச்சு குதிச்சு வரும். ஃப்ரேம் ரேட் சோர்ஸ் மாதிரியேன்னு விட்டுடறது உத்தமம். டிவிடி அதிகபட்சம் 576 தான், அதை 1080ன்னு பெருசாக்கினா ஃபைல்தான் பெருக்கும், முகம் தெளிவாகாது.

தரம்: எம்பி கணக்குல குறி வைக்காதீங்க, ஆர்எஃப் நம்பர் வைங்க. டிவிடி தரத்துக்கு 18ல இருந்து 22க்குள்ள. நம்பர் குறைஞ்சா தரம் கூடும், ஃபைலும் கூடும். நான் 20. ஒண்ணு கவனிங்க, இருட்டுல எடுத்த ஹேண்டிகேம் வீடியோல புள்ளி புள்ளியா நாய்ஸ் இருக்கும், அது அவ்வளவா சுருங்காது, 18 வெச்சா சுருக்கினது ஒரிஜினல் அளவுக்கே வந்து நிக்கும். சாஃப்ட்வேர் கெட்டுப்போச்சுன்னு நினைக்காதீங்க.

வீட்டு வீடியோ பெரும்பாலும் இன்டர்லேஸ்டா இருக்கும், யாராவது கையை ஆட்டினா ஓரத்துல சீப்புப் பல்லு மாதிரி கோடு தெரியும். ஃபில்டர் பக்கத்துல டீஇன்டர்லேஸை யாடிஃப் வெச்சு, பாப்ங்கற ஆப்ஷனைப் போட்டா ஓட்டம் வழவழன்னு வரும், 25 ஃப்ரேம் 50 ஆகும். இதுக்கு மட்டும் ஃப்ரேம் ரேட்டை சோர்ஸ் மாதிரின்னு விட்டிருக்கறது சரிதானான்னு ரெண்டு நிமிஷம் ஓட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

ஆளுங்க குண்டா தெரியறதுக்குக் காரணம் அனமார்ஃபிக். டிஸ்க்குள்ள படம் 720க்கு 576ன்னு இருந்தாலும், 4:3 ஆ 16:9 ஆ எப்படி விரிச்சுக் காட்டணும்னு தனியா ஒரு குறிப்பு இருக்கும். அனமார்ஃபிக்கை ஆட்டோமேட்டிக்ல விடுங்க, அவ்வளவுதான்.

ஹெச்.265 வெச்சா ஃபைல் இன்னும் சின்னது, ஆனா பழைய டிவில ஓடாது. சொந்தக்காரங்களுக்குக் கொடுக்கணும்னா ஹெச்.264தான் நல்லது. கிராஃபிக்ஸ் கார்டு வெச்சு எடுக்கற என்வென்க், குவிக்சிங்க் எல்லாம் பறக்கும், ஆனா அதே அளவு ஃபைல்ல தரம் ஒரு படி கம்மி. ஒரு தடவைதான் செய்யப்போறோம், மெதுவாவே போகட்டும். சப்டைட்டில் வேணும்னா எம்கேவி எடுங்க. டிவிடி சப்டைட்டில் எழுத்து இல்ல, படம், எம்பி4ல போட்டா நிறைய ப்ளேயர்ல தெரியறதில்ல.

முழு டிஸ்க்கையும் போடறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷத் துண்டு ஒண்ணு சுருக்கி டிவில பாருங்க. இருபது டிஸ்க்குக்கு அப்புறம் பாக்கறதை விட இது மேல்.

8. ஷ்ரிங்க் தேவைப்படறவங்களுக்கு

ரெண்டு லேயர் நிறைஞ்ச டிஸ்க்கை ஒரு லேயருக்கு இறக்கினா 55 சதவீதத்துக்கு வரும், அப்ப வேகமான காட்சில கட்டம் உடையும். 70க்குக் கீழ போனாலே எனக்குக் கண்ணு உறுத்துது. அதனால ஷ்ரிங்க்ல வேணுங்கறதை மட்டும் பொறுக்கற ரீஆத்தர் பக்கத்துக்குப் போய் வேண்டாத மொழி ஆடியோ, விளம்பரம், எக்ஸ்ட்ரா எல்லாத்தையும் கழட்டிட்டு அப்புறம் சதவீதத்தைப் பாருங்க, டீப் அனாலிசிஸ் டிக் பண்ணுங்க, நேரம் ரெட்டிப்பாகும், பரவாயில்ல. ரைட் பண்ணும்போது டிஸ்க் 16எக்ஸ்னு சொன்னாலும் 8எக்ஸ்ல ரைட் பண்ணுங்க, முடிஞ்சதும் வெரிஃபை டிக்கை எடுத்து விடாதீங்க.

9. செக் பண்ணி, ரெண்டு இடத்துல வைங்க

ஒவ்வொரு ஃபைலையும் ஆரம்பம், நடு, கடைசி மூணு இடத்துல ஓட்டிப் பாருங்க. சத்தம் வாயோட ஒட்டலைன்னா அது கடைசிலதான் தெரியும், ஆரம்பத்துல எல்லாம் சரியாவே இருக்கும்.

ஐஎஸ்ஓவை ரெண்டாவது ஹார்ட் டிஸ்க்குக்கு மாத்தினதும் ரெண்டு பக்கமும் ஷா-256 (ஃபைலோட கைரேகை மாதிரி ஒரு நீள நம்பர்) எடுத்து ஒப்பிடுங்க, 7-ஜிப் இருந்தா ரைட் கிளிக்லயே வரும். வெளி ஹார்ட் டிஸ்க் ஃபேட்32ங்கற பழைய ஃபார்மட்ல இருந்தா, எவ்வளவு இடம் இருந்தாலும் 4 ஜிபிக்கு மேல ஒரு ஃபைலையும் ஏத்த விடாது, எக்ஸ்ஃபேட்டுக்கு மாத்திட்டு ஆரம்பிங்க. மாத்தினா உள்ள இருக்கறது அழியும், அதனால புதுசுல முதல் வேலையா இதைப் பண்ணுங்க. ரெண்டாவது ஹார்ட் டிஸ்க் வேற வீட்ல இருக்கட்டும். ஃபைல் பேர் வருஷத்துல ஆரம்பிச்சா தானா வரிசையில உக்காரும்.

டிஸ்க்கைத் தூக்கிப் போடாதீங்க. 64ல 63 முடிஞ்சுது. நோட்டுல 41ஆம் நம்பர் மட்டும் 99.8ல நிக்குது, பக்கத்து வீட்டுத் தம்பி பழைய ட்ரைவ் ஒண்ணு இருக்குன்னு சொல்லியிருக்கான், ஞாயித்துக்கிழமை மேப் ஃபைலோட போகணும்.